நாலு பேரு வேண்டாம் மாப்ளே, ஒருத்தர் போதும்

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. மெதுவா. குடலிறக்கக்காரன் தொப்புனு உக்காரக் கூடாது.

உங்கத்தை எல்லாத்தையும் சொல்லிட்டா. வியாழக்கிழமை கும்பகோணத்துல ஆபரேசன். காலையில சேர்றது, மயக்கம் குடுத்து வயித்துல மூணு ஓட்டை போட்டு உள்ள வலை வெக்கிறது, சாயங்காலமே டிஸ்சார்ஜ். நீ பைக்கை ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு, எல்லாம் முடிஞ்சதும் உதைச்சுக் கிளப்பி நீயே ஓட்டிக்கிட்டு வந்துடுவியாம். “பத்து கிலோமீட்டர்தானே அத்தை”ன்னியாமே. கெட்டிக்காரன்டா. கொள்முதல் நிலையத்துல நாப்பது கிலோ மூட்டையை ஒத்தையா தூக்கிக் குடலை இறக்கிக்கிட்ட அதே மூளை, இன்னும் அதே இடத்துலதான் இருக்கு. டாக்டர் அதுக்கும் ஒரு வலை வெச்சா தேவலை.

சரி, நீ எந்த ஊர்ல பொறந்தவன்? வலங்கைமான். பங்குனி ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்ல என்ன நடக்கும்? சாகக் கெடந்து பொழைச்சவன், மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டபடி பாடைக் காவடி எடுப்பான். குடமுருட்டியில குளிச்சு, பச்சை மூங்கில்ல கட்டுன பாடையில பொணமாட்டம் படுப்பான். முன்னால ஒருத்தர் தீச்சட்டி எடுத்துக்கிட்டுப் போக, கொட்டு மேளத்தோட நாலு பேரு தூக்கிக்கிட்டு வரதராஜம்பேட்டைத் தெருவுக்கு வருவாங்க. கோயிலை மூணு சுத்து சுத்தினதும் பூசாரி தீர்த்தம் தெளிச்சு விபூதி பூசுவாரு. அப்புறந்தான் எழுந்திரிப்பான்.

போன வருசம் நீயே ஒரு பாடைக்குத் தோள் குடுத்தே, நான் பின்னாலயே வந்தேன். படுத்திருந்த ஆளு மூக்கு மேல ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. பொணம் கையை எடுத்து ஈ ஓட்ட முடியுமா? மூக்கை மட்டும் இப்படியும் அப்படியும் சுளிச்சுப் பாத்தான் பாவம். ஈ நகரலை. கோயில் வாசல் வரைக்கும் கூடவே வந்து தரிசனம் பண்ணிட்டுத்தான் போச்சு.

அதை ஏன் சொல்றேன்னா, பாடையில படுத்திருக்கறவன் முழிச்சுக்கிட்டே செத்த மாதிரி நடிக்கிறான். அவனைத் தூக்க நாலு பேரு. மயக்கம் தெளிஞ்சு வர்றவன் பாதித் தூக்கத்துல முழிச்ச மாதிரி நடிக்கிறான். அவனுக்குத் தொணைக்கு ஒரு ஆளு கெடையாதாம்! என்னய்யா நியாயம் இது?

நடிப்புன்னா நம்ப மாட்டே. என் கதையைக் கேளு. பித்தப்பைக் கல்லுக்கு எனக்கும் இதே மாதிரி ஒரே நாள்ல பண்ணாங்க. சாயங்காலம் எழுந்து உக்காந்தேன், காபி குடிச்சேன். டாக்டர் வந்து இன்ன மாத்திரை, இன்ன சாப்பாடு, இன்ன நாள்ல திரும்ப வரணும்னு விலாவாரியா சொன்னாராம். நான் தலையாட்டினேனாம், நடுவுல ரெண்டு சந்தேகம்கூட கேட்டேனாம். அத்தனையும் “னாம்”தான் மாப்ளே. சத்தியமா ஒரு எழுத்து ஞாபகம் இல்லை. கார்ல வர்றப்ப உங்கத்தை கையைப் புடிச்சுக்கிட்டு, அவளுக்குத் தெரியாம பத்தாயத்து அடியில பத்தாயிரம் வெச்சிருக்கேன்னும் சொல்லிட்டேனாம். டாக்டர் கல்லை எடுத்தாரு, உங்கத்தை பத்தாயிரத்தை எடுத்தா. எனக்கு ரெண்டுமே தெரியாது.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல மயக்கத் துறையில படிக்கிற நம்ம பேத்திகிட்ட கேட்டேன். ஊசி போடுறதுக்கு முன்னால பயம் தெளிய ஒரு மருந்து குடுப்பாங்களாம். ஞாபகத்தை அழிக்கிறது அதோட வேலையிலயே ஒண்ணாம். ஆளு பேசுவான், சிரிப்பான், கையெழுத்துகூட போடுவான். மண்டையில ஒண்ணும் பதியாது. அதனாலதான் டிஸ்சார்ஜ் சீட்டு விவரத்தை, கூட வந்தவங்ககிட்டயும் சொல்லணும்குது. “அப்ப முழுசா எப்பத்தான் தெளியும்?”னேன். “தாத்தா, ஜனவரி 28 மேட்டூரை மூடுறாங்களே, அன்னிக்கே உங்க வயல் காஞ்சிடுதா?”ன்னு திருப்பிக் கேக்குது. கழுதை, என் வயலை வெச்சே என்னை மடக்கிடுச்சு. ஆமா, மதகை அடைச்சாலும் சேத்துல ஈரம் நிக்கும்ல? மயக்க மருந்தும் அப்படித்தான். ரத்தத்துல சட்டுனு கொறைஞ்சுடுமாம், நீயும் கண்ணைத் தொறந்துடுவே. ஆனா சதையிலயும் கொழுப்பிலயும் ஊறின மிச்சம் நிதானமாத்தான் வடியுமாம். அதுக்குத்தான் 24 மணி நேரம் வண்டியைத் தொடாதேங்கறாங்க. வலி மாத்திரையிலயும் சிலது தூக்கம் வர வைக்கும். அந்த 24 மணியும் மயக்கத்துக்கு மட்டும் போட்ட கணக்கு. உள்ள வெச்ச வலைக்கு எத்தனை நாள் பைக் கூடாதுன்னு டாக்டரைத் தனியா கேட்டுக்க.

நம்ம ரோடு லட்சணமும் உனக்குத் தெரியும். பங்குனியில உளுந்தஞ்செடியைப் புடுங்கி ரோட்டுல பரப்பி, போற வர்ற வண்டியையெல்லாம் சம்பளம் இல்லாத களத்து மாடு ஆக்கி வெச்சிருப்பாங்க. தெளிஞ்சவனுக்கே அதுல சக்கரம் வழுக்கும். பிரேக்கைப் புடிக்கணும்னு உனக்கு நெனைப்பு வர்றதுக்குள்ள நீ குடமுருட்டியில இருப்பே. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு இருக்கே, அது சாராயத்தை மட்டும் பேசலை, மருந்து போதையையும் சேர்த்துத்தான் பேசுது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே அபராதம் பத்தாயிரம். இந்தக் குடும்பத்துல ஒரு பத்தாயிரம் போனது போதும்.

“அப்ப பையனைக் கூட்டிட்டுப் போறேன் மாமா”ங்கறியா? எட்டாவது படிக்கிற புள்ளை. உனக்குத் தலை சுத்தி விழுந்தா அவன் உன்னைத் தூக்குவானா, போன்ல படம் புடிப்பானா? உன் கூட்டாளியும் வேண்டாம். உனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள அவன் டாஸ்மாக்ல மயங்கிடுவான், அப்புறம் யாரு யாரைக் கூட்டிட்டு வர்றது? வெவரமான பெரிய ஆளு ஒருத்தர் வேணும். கார்ல கூட்டிட்டு வரணும், அன்னிக்கு ராத்திரி வீட்டுல கூடவே படுத்திருக்கணும்.

இது நம்ம ஊரு பெருசுங்க கட்டுன கதை இல்லை. ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல ஜேம்ஸ் நிக்கோல்னு ஒரு டாக்டர், பத்து வருசத்துல கிட்டத்தட்ட 9,000 ஆபரேசன் பண்ணி அன்னன்னைக்கே வீட்டுக்கு அனுப்பினதா 1909-ல கணக்கு சொன்னாராம். எல்லாம் சின்னப் புள்ளைங்க. எப்படிப் போச்சுங்க? தாயார் இடுப்புல. பின்னாலயே நர்சுங்க வீட்டுக்குப் போய்ப் பாத்தாங்க. அந்தப் புள்ளைங்க ஒண்ணுகூட “நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்”னு சாவியைக் கேக்கலை.

இன்னொண்ணு, காலையில கும்பகோணம் எறங்கினதும் மூக்கு டிகிரி காபி பக்கம் இழுக்கும். கூடாது. சோறு பலகாரமெல்லாம் மயக்கம் குடுக்கிறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாலயே நிறுத்தணும். பாலும் சோத்துக் கணக்குதான், அதனால பால் காபியும் அதுல சேத்தி. வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்ன வரைக்கும் குடிக்க விடுவாங்க. ஆஸ்பத்திரியில சொல்ற நேரத்தைக் கேட்டுக்க. வயித்துல இருக்கறது மயக்கத்துல மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிட்டா அப்புறம் பாடைக் காவடி இல்லை மாப்ளே, வெறும் பாடை. ஒரு டம்ளர்தானேன்னு டாக்டர்கிட்ட மறைக்காதே. குறட்டையையும் சொல்லிடு. நீ விடுற குறட்டை அக்ரகாரம் வரைக்கும் கேக்குது, மயக்க டாக்டருக்கு மட்டும் ஏன் ரகசியம்?

வெள்ளிக்கிழமை காலையில பத்திர ஆபீஸ் வேலை வெச்சிருக்கியாமே, தள்ளிப் போடு. காய்ச்சல்ல பெனாத்துறவனும் குடிச்சு நிலை தெரியாதவனும் அந்த நிலையில ஒப்பந்தம் பண்ணிக்க முடியாதுன்னு 1872-லயே சட்டம் போட்டுட்டான். உன் நிலைமை ரெண்டுக்கும் நடுவுல. பங்காளி வரப்பைத் தள்ளிப் போட்டு எழுதிட்டு வந்தா நீ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவே.

வீட்டுக்கு வந்ததும் விருந்து வேண்டாம். கஞ்சி, ரசஞ்சாதம், ரெண்டு இட்லி, அவ்வளவுதான். கக்கூஸ் போனா உள்தாழ்ப்பாள் போடாதே. உள்ள விழுந்துட்டா கதவை உடைக்க மறுபடியும் நாலு பேரைக் கூப்புடணும். எழுந்திரிக்கிறப்ப கட்டில்ல செத்த உக்காந்துட்டு எழுந்திரி. தோள்பட்டை வலிச்சா பயப்படாதே, வயித்தை உப்ப வைக்க உள்ள விட்ட காத்தோட வேலை அது, ஓரிரு நாள்ல போயிடும். தொண்டை கரகரப்பும் குழாய் போட்டதாலதான். ஆனா மூத்திரம் போகலை, வாந்தி நிக்கலை, வயிறு கல்லாட்டம் வீங்குது, கட்டு ரத்தத்துல நனையுதுன்னா ஆஸ்பத்திரிக்குப் போன் போடணும். மூச்சுத் திணறினாலோ, எழுப்பியும் எழுந்திரிக்கலைன்னாலோ நேரா 108. “விடிஞ்சு பாத்துக்கலாம்”னு நீ சொல்லுவே. அதை முடிவு பண்ண வேண்டியது நீ இல்லை, கூட இருக்கறவங்க.

கார் பேசியாச்சு. நானும் உங்கத்தையும் வர்றோம். டாக்டர் சொல்றதை அவ கேட்டுக்குவா, நீ உளர்றதை நான் கேட்டுக்கறேன். இப்ப அந்த பைக் சாவியைக் குடு. பத்தாயத்துல போட்டு வெப்பா, அங்க இப்ப வேற ஒண்ணும் இல்லை.