வேர்ட்பிரஸ்ஸுக்குக் குடிபோகும் முறை

வலைப்பதிவுக்கென்று சொந்தமாக மென்பொருள் எழுதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் குறிப்புகள். 2004 வாக்கில் ஊரே பிளாக்கரில் இலவசக் கணக்குத் தொடங்கி எழுதிக்கொண்டிருந்தபோது, "நமக்குத்தான் பிஎச்பி தெரியுமே, எதுக்கு அடுத்தவன் திண்ணையில உக்காரணும்?" என்று கேட்டுவிட்டு, மூன்று சனி ஞாயிறுகளில் ஒன்றைக் கட்டி முடித்தவர் நீங்கள். பதிவு போட ஒரு பக்கம், திருத்த ஒரு பக்கம், மாதவாரியாகப் பட்டியல் காட்ட ஒரு பக்கம். கடவுச்சொல் கேட்கும் பக்கத்தைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டீர்கள். அது இன்னமும் பிறகுதான்.

குடிமாற முதலில் ஒரு காரணம் வேண்டும். தேடிப் போக வேண்டாம், தானே வரும். எனக்கு ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து வந்தது. பெயரெல்லாம் எதற்கு? பிஎச்பி 5 இனிக் கிடையாது, 7-க்கு மாற்றுகிறோம், பதினைந்து நாள் அவகாசம் என்று மின்னஞ்சல். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7, மைஎஸ்கியூஎல் தரவுதளத்தோடு பேசும் பழைய கட்டளைகளைத் தூக்கி எறிந்துவிட்டது. திடீரென்று செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2013-ல் வந்த 5.5-லேயே "இவை போகப்போகின்றன" என்று எச்சரிக்கை வர ஆரம்பித்தது. என் பதிவின் முகப்பில், தலைப்புக்கும் மேலே, அது வரிவரியாக ஓடியது. நானும் உடனே நடவடிக்கை எடுத்தேன்: எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று ஒரு வரி சேர்த்தேன். குக்கர் விசிலடித்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற வைத்தியம். நான்கு வருடம் நன்றாகவே வேலை செய்தது.

அடுத்தது, எங்கே போவது? இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஜெக்கில், ஹியூகோ, கோஸ்ட் என்று ஒவ்வொன்றாக நிறுவி, "வணக்கம்" என்று அடித்துப் பார்த்து, நீக்கிவிடுங்கள். எழுத வேண்டிய பதிவை எழுதாமலிருக்க இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது. கடைசியில் எல்லாரும் போகிற இடத்துக்கே போவீர்கள்.

போகும்போது வயிற்றெரிச்சலைத் தயவுசெய்து மூட்டை கட்டி எடுத்துப் போக வேண்டாம். வேர்ட்பிரஸ்ஸும் ஒரு காலத்தில் ஒருவர் கட்டிய வீடுதான். மிஷேல் வால்ட்ரிகி என்பவர் பி2 என்று ஒன்றை எழுதினார். பிறகு ஆளைக் காணோம். அதை எடுத்துச் செப்பனிட்டு 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும். முல்லன்வெக்குக்கு அப்போது 19 வயது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் நானும் கட்டினேன். அது இன்று உலகம் முழுக்க நிற்கிறது. என்னுடையதில் ஒரு சிறப்பு உண்டு: ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ்த் தேதி வரும். தினசரி காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு 2010 டிசம்பர் வரை கையால் அடித்தது. அதற்குப் பின் எழுதிய எல்லாப் பதிவுகளும் மார்கழி 16-லேயே நிற்கின்றன. சித்திரை வெயிலைப் பற்றிப் புலம்பிய பதிவு உட்பட.

நிறுவுவது ஐந்து நிமிட வேலை என்று வேர்ட்பிரஸ்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான். உள்ளே போனதும் "ஹலோ வேர்ல்டு" என்று ஒரு பதிவு தயாராக இருக்கும். கூடவே ஹலோ டாலி என்றொரு செருகுநிரல்; முடுக்கிவிட்டால் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடிய பாட்டிலிருந்து மூலையில் ஒரு வரி காட்டும். வேறொன்றுக்கும் உதவாது. நாம் பால் காய்ச்சுகிறோம், அவர்கள் பாட்டுப் போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனிமேல்தான் சாமான் ஏற்றுவது. இந்த இடத்தில் காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள், ஏனென்றால் நீங்கள் தமிழில் எழுதித் தொலைத்திருக்கிறீர்கள்.

என் முதல் ஆறு மாதப் பதிவுகள் திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தன. திஸ்கி நம் கை எழுதுகிற வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும்: "கொக்கு" என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முன்னால், ஒகரக் குறி அதன் பின்னால். மாற்ற பொங்குதமிழ் போல எத்தனையோ மாற்றிகள் உண்டு, அது சிக்கலில்லை. எந்தப் பதிவு திஸ்கி, எந்தப் பதிவு யூனிகோடு என்று எங்காவது குறித்து வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. ஞாபகமிருக்கும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் மாற்றியில் போட்டு எடுத்ததில், ஏற்கெனவே யூனிகோடில் இருந்தவையும் இன்னொரு சுற்று அரைபட்டு வந்தன. எழுத்தெல்லாம் தமிழ், ஒரு சொல்கூடத் தமிழில்லை. சிறுபத்திரிகைக்கு அனுப்பியிருக்கலாம்.

அடுத்த கண்டம் மைஎஸ்கியூஎல். அது ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று செய்தது. அதனால் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எழுத்துகளை லத்தீன் என்று எடுத்துக்கொண்டு ஸ்வீடிஷ் அகரவரிசைப்படி அடுக்கும். 2018-ல் எட்டாம் பதிப்பு வரும்வரை அதுதான் வழக்கம். நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆக, என் அம்மாவின் வத்தக்குழம்புப் பக்குவம் பதினான்கு வருடமாக ஸ்வீடிஷ் குடியுரிமையோடு இருந்திருக்கிறது. பழைய மென்பொருள் தப்பாகப் போட்டு அதே தப்போடு எடுத்ததால் யாருக்கும் தெரியவில்லை. வேர்ட்பிரஸ் முறையாகக் கேட்டது, முறையாகக் கிடைத்தது. ஒவ்வொரு ககரமும் மூன்று துண்டு: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், ஒரு கனத்த புள்ளி.

பரிகாரம் உண்டு. தரவுதளத்தில் பதிவுகள் இருக்கும் பத்தியை முதலில் "இது எழுத்தே இல்லை, வெறும் பைட்டுகள்" என்று மாற்றி, அப்புறம் "இல்லையில்லை, எழுத்துதான், யூனிகோடு" என்று மறுபடி மாற்ற வேண்டும். ரேஷன் கார்டு மாதிரி: அப்பா கார்டிலிருந்து பெயரை நீக்கினால்தான் புதுக் கார்டில் சேர்ப்பார்கள். நடுவில் கொஞ்ச நேரம் நீங்கள் எங்குமே இல்லாத ஆள். அந்தக் கொஞ்ச நேரத்தில் மின்வெட்டு வராமலிருக்கப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்ளுங்கள். நகல் எடுத்து வைத்திருந்தால் தேங்காய் மிச்சம்.

சாய்கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பிஎச்பியில் மேஜிக் கோட்ஸ் என்று ஒரு வசதி உண்டு. மேற்கோள் குறிக்கு முன்னால் கேட்காமலேயே ஒரு சாய்கோடு போடும். நம்பிக்கையில்லாமல் நானும் ஒன்று போட்டிருந்தேன். விளைவு, ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் 1, 3, 7, 15 என்று பெருகியது. 2012-ல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள், சாய்கோடுகள் மட்டும் என்னிடம் தங்கிவிட்டன. அதில் ஒரு லாபம் உண்டு. சண்டை போட்டு எழுதிய பதிவு எது, அதை ராத்திரியில் எத்தனை முறை திருத்தினேன் என்பதெல்லாம் சாய்கோட்டை எண்ணினாலே தெரிகிறது. மரத்தின் வளையம் போல.

ஏற்றுமதிக் கோப்பு, இரண்டு எம்பி வரம்பு, முப்பது விநாடியில் மூச்சு நிற்பது ஆகியவை பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். துண்டு துண்டாக ஏற்றுங்கள், அவ்வளவுதான்.

முகவரி விஷயத்தில் மட்டும் கவனம். வேர்ட்பிரஸ் தலைப்பையே முகவரியாக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே சதவிகிதக் குறிகளோடு ஒன்பது இடம் அடைக்கும்; மொத்தம் 200 இடம்தான். அதாவது 22 குறிகள், முடிந்தது கதை. புள்ளியும் கொம்பும்கூட அதில் கணக்கு. "மழைக்காலத்தில் மாடித் தோட்டம்" என்று நான் ஆசையாக வைத்த தலைப்பு "மழைக்காலத்தில்-மாடித்-தோ" என்று நாயைக் கூப்பிடுகிற குரலில் நின்றுவிட்டது.

பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட 301 என்று ஓர் ஏற்பாடு உண்டு. 347 பதிவுகளுக்கும் பட்டியல் போட்டேன், ஒன்பது நாள் ஆனது. பிறகுதான் யார் யார் என் பதிவுகளுக்குச் சுட்டி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பெரும்பாலும் நான். மற்றவர்கள் கூகுள் ரீடரில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அதை 2013 ஜூலை 1-ல் மூடியபோது அவர்களும் கலைந்துவிட்டார்கள். எனக்குத் தகவல் வரவில்லை.

சரிபார்க்கிறேன் பேர்வழி என்று பழைய பதிவுகளை வாசிக்க ஆரம்பிப்பீர்கள். ஆரம்பிக்காதீர்கள். "என்னங்க, மணி ரெண்டாகுது, தனியா உக்காந்து சிரிக்கிறீங்க?" என்று வீட்டில் எழுந்து வந்து கேட்டபோது, இருபத்தெட்டு வயதில் நான் ஒரு ஃபில்டர் காப்பிக்காக எழுதிய ஆயிரம் சொல் கோபத்தில் இருந்தேன். "யார் எழுதினது?" என்றாள். தெரிந்த பையன் என்றேன்.

எல்லாம் முடிந்ததும் "புது வீட்டுக்கு வந்தாயிற்று" என்று ஒரு பதிவு போட வேண்டும், மரபு. போட்டேன். மேலே ஆங்கிலத் தேதி மட்டும் மொட்டையாக நின்றது. ஆவணி என்றோ புரட்டாசி என்றோ ஒரு வார்த்தை இல்லை. அதற்கென்று சின்னதாக ஒரு செருகுநிரல் எழுதினால் போயிற்று, மூன்று சனி ஞாயிறு போதும். சங்கராந்தி நேரத்தைக் கணக்குப் போட்டு மாதப் பிறப்பைக் கண்டுபிடிப்பதை அப்புறம் பார்க்கலாம். இப்போதைக்கு தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்திருக்கிறேன்.