கடலைக்கு எல்லைக்கோடு

மண்ணுக்கும் பொன்னுக்கும் யுத்தங்கள் மூண்டதுண்டு என்று சரித்திரம் சொல்லும். ஆனால் வெந்த கொண்டைக்கடலையை எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் பூண்டும் சேர்த்து அரைத்த ஹம்முஸ் என்னும் பதார்த்தத்துக்காக இரு தேசங்கள் தராசு தூக்கிய வைபவம் நம் காலத்துக்கே வாய்த்த பாக்கியம். 2010 ஜனவரியில், இஸ்ரேலில் அரபு மக்கள் வாழும் அபு கோஷ் என்னும் ஊரில், செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான ராட்சத அலைவாங்கித் தட்டையே பாத்திரமாக்கி நான்கு டன்னுக்கு மேல் குவித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். மே மாதம் லெபனான்காரர்கள் 10,452 கிலோ அரைத்துப் பதிலளித்தார்கள். அந்நாட்டின் பரப்பளவும் 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால், தேசாபிமானத்தைச் சதுர கிலோமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் நிறுக்கலாம் என்பது அன்றுமுதல் சாஸ்திர சம்மதமாயிற்று.

இந்த மகாயுத்தத்தின் சமாசாரம் ஜோர்டான் நாட்டு அம்மான் நகரின் பழைய கடைவீதிச் சந்துகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கும் சிற்றுண்டிச் சாலைகளுக்கு எட்டவில்லை போலும். பரிசாரகர் மேஜைமீது காகிதம் விரித்து, நடுவே குழித்து ஆலிவ் எண்ணெய் வார்த்த ஹம்முஸையும், சுடச்சுடப் பலாபெல் என்னும் கடலை வடையையும், பச்சை வெங்காயத்தையும், புதினாவையும் வைத்துவிட்டுப் போகிறார். பாலஸ்தீனக் குடும்பத்துப் பெரியவரும் டமாஸ்கஸ் நண்பரும் ஒரே தட்டில் ரொட்டியைத் தோய்க்கிறார்கள். தட்டின் பூர்வீக பாத்தியதை பற்றி அங்கே வியாஜ்ஜியமே எழுவதில்லை. பணம் கொடுக்கும் பாத்தியதை தமக்கே உரியது என்றுதான் இருவரும் சட்டையைப் பிடிக்காத குறையாக வாதாடுகிறார்கள்.