காணாமல் போன சனிக்கிழமை

அத்தானின் பாய்மரப் படகில் மூன்று வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று 2020 மார்ச்சில் தஹிதிக்குப் போனேன். போய்ச் சேர்ந்த வாரமே ஊரடங்கு. விமானம் நின்றது. நங்கூரம் போட்ட இடத்தை விட்டு அசையாதே, தண்ணீரில் இறங்கி நீந்தாதே என்றார்கள். பசிபிக் சமுத்திரத்தில் மிதந்துகொண்டே வாளித் தண்ணீரில் குளித்தேன்.

கட்டுப்பாடு தளர்ந்து நாங்கள் கிளம்பும்போது, புயல் பருவம் தொடங்கும் நவம்பர் நெருங்கிவிட்டது. வழக்கமாகப் படகுகள் புயலுக்குத் தப்பி ஓடும் நியூசிலாந்து கதவைச் சாத்திவிட்டது. குக் தீவுகளும் டோங்காவும் அப்படியே. ஃபிஜி மட்டும் 'நீலப் பாதை' என்று ஒன்றைத் திறந்து வைத்திருந்தது. தொற்றில்லை என்ற சான்றோடு கிளம்ப வேண்டும்; 14 நாள் தனிமை. கடலில் கழியும் நாளும் கணக்கில் சேரும். குறைந்தால் மிச்சத்தை அங்கே போய்க் கழிக்க வேண்டும்.

தூரம் சுமார் 1,900 கடல் மைல். காற்று நன்றாக அடிக்கிறதே என்று வயிறு எரிந்த மாலுமிகள் நாங்களாகத்தான் இருப்போம். "சீக்கிரம் போய் என்ன செய்யப்போறோம்? பாயைச் சுருக்குடா" என்பார் அத்தான். சுருக்கினாலும் படகு ஓடியது.

அது புரட்டாசி. சனிக்கிழமை மட்டும் ஒரு பொழுது என்று பெருமாளோடு அத்தானுக்கு ஓர் ஒப்பந்தம். டோங்காவுக்குக் கிழக்கே தேதிக் கோடு வந்தது. வெள்ளி இரவு படுத்தோம், விடிந்தால் ஞாயிறு. மூன்றாம் சனியைக் கடல் விழுங்கிவிட்டது.

"பெருமாளே பார்த்துத் தள்ளுபடி பண்ணிட்டார்" என்று அத்தான் தூண்டிலில் சிக்கியிருந்த மீனை வறுத்தார். ஆனால் தனிமைக் கணக்கில் அந்தச் சனிக்கிழமையையும் ஒரு நாளாக எழுதிக்கொண்டார்.

ஃபிஜியின் டெனராவ் துறைமுகத்துக்கு வெளியே மஞ்சள் கொடி ஏற்றினோம். கப்பலில் நோயில்லை, உள்ளே விடுங்கள் என்று அதற்குப் பொருள். நம் ஊரில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொள்வதுபோலத்தான். கவச உடையில் வந்த அதிகாரி தேதியைப் பார்க்கவேயில்லை, மணியை எண்ணினார். வேண்டியது 336, எங்களிடம் இருந்தது 312.

"சார், காலண்டர்ல 14 நாள் ஆச்சே!"

அவர் சிரித்தது முகமூடிக்கு வெளியிலும் தெரிந்தது. இன்னும் ஒரு நாள்.

தப்பு எங்களுடையதுதான். இங்கே இந்தத் தனிமை புதிதும் அல்ல. கரும்புத் தோட்டத்துக்காக 1903 முதல் சென்னையிலிருந்து ஃபிஜிக்கு வந்த தமிழர்களையும் நுகுலாவ் தீவில் தனிமையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். கடலில் வாரக்கணக்கில் கிடந்து வந்தவர்களுக்கே அந்தக் கதி. அவர்களுடைய சந்ததியினர் கும்பிடும் நாடி சிவசுப்பிரமணியர் கோயில் சில கிலோமீட்டரில் இருக்க, நாங்கள் நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தோம்.

மதியம் மிச்ச மீனைச் சுடவைத்து அத்தானைக் கூப்பிட்டேன். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தான், இன்னைக்கு வியாழக்கிழமைதானே?"

"உனக்கு வியாழன். எனக்குச் சனி" என்றார்.