திண்ணைக் கட்சிக்கு ரெண்டாம் இடம்

மருமவனே, வர்ற 2027 அதிபர் தேர்தல்ல ஓட்டு போடப் போறதில்லைன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாமே. என் தங்கச்சி போன்ல மூக்கை உறிஞ்சிக்கினு கெடந்துச்சு. பிரான்சு தேசம் கெட்டுப் போயிடுமேன்னு இல்ல. புள்ள இப்படி வெறுத்துப் பேசுதே, வேலை கீலை போயிடுச்சோன்னு அதுக்குப் பயம். வேலை போவல, வெறும் கொள்கை தான்னு சொல்லித் தேத்தி வெச்சிருக்கேன்.

எங்க மாமனுக்கு பிரான்சு அரசியல் எப்படித் தெரியும்னு இளிக்காத. இரும்பையில பொறந்தவன் நான். ஒரு பக்கம் நடந்தா முந்திரித் தோப்பு, இன்னொரு பக்கம் நடந்தா ஆரோவில்லு. டீக்கடை பெஞ்சில அரைமணி உக்காந்தா மக்ரோனைத் திட்டறது, மெலான்ஷோனைத் திட்டறது எல்லாம் தானா காதுல வுழும். பாஷை புரியாட்டி இன்னா? திட்டு எந்த பாஷையிலயும் புரியும்.

மொதல்ல அந்த ஓட்டு உனக்கு எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதா? உங்க தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல சேந்து இந்தோசீனா வரைக்கும் துப்பாக்கி தூக்கினு போனவர். 1962 ஆகஸ்டு 16-ல பாண்டிச்சேரி சட்டப்படி கைமாறினப்ப, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தா பிரெஞ்சுக் குடிமகனாவே இருந்துக்கலாம்னாங்க. அவர் எழுதிக் குடுத்தார். வரப்புக்கு இந்தாண்ட இங்கிலீசுக்காரன் சீமையில இருந்த எங்களுக்கு எழுதிக் குடுக்க ஒண்ணுமில்ல. உங்க தாத்தா போட்ட ஒரு கையெழுத்துல உனக்குப் பாஸ்போர்ட்டு, ஓட்டு, பேச்சுல பாதி பிரெஞ்சு எல்லாம் கெடைச்சுது. பாஸ்போர்ட்டை மட்டும் பத்திரமா பீரோவுல வெச்சிக்கினு ஓட்டைத் தூக்கிக் குப்பையில போடறேன்னா, மனுசன் சாமி படத்துக்குப் பக்கத்துல இருந்து எறங்கி வந்து கேப்பார்.

'எல்லாக் கட்சியும் ஒண்ணுதான் மாமா'ன்னு சொல்லுவ. இதை எங்களுக்கு நீ சொல்லித் தரணுமா? தைலாபுரம் தோட்டம் இருக்குற சீமைடா இது. அந்தத் தோட்டத்து மாம்பழக் கட்சி பாமக 1998-ல அண்ணா திமுக இலை பக்கம், 1999-ல திமுக சூரியன் பக்கம், 2001-ல மறுபடி இலை, 2004-ல சூரியன், 2009-ல இலை, 2011-ல சூரியன். திண்டிவனம் ரோட்டுல சுவர் எழுதறவங்களுக்கு மட்டும்தான் அதால வருமானம், பழைய சின்னத்து மேல சுண்ணாம்பு அடிச்சே பொழைச்சாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சியா? தலைவருங்க எந்தப் பக்கம் போனாலும், மாம்பழத்துக்குப் போடற சனம் மாம்பழத்துக்கே போட்டுச்சு. இலைக்காரன் இலையிலயே கெடந்தான், சூரியன்காரன் சூரியன்லயே காஞ்சான்.

அட, உங்க பாண்டிச்சேரியையே எடுத்துக்க. 2021 பிப்ரவரி 22-ல முதலமைச்சர் நாராயணசாமி ஆட்சி கவுந்துச்சே, ஓட்டு போட்ட சனமா கவுத்துச்சு? அது எங்கியும் போவல. ஓட்டு வாங்கினவங்க தான் ஒவ்வொருத்தரா ராஜினாமா கடுதாசி நீட்டினாங்க. தாவறதுக்கு உங்க ஊர்ல நல்ல பாரம்பரியம் இருக்குது மருமவனே. எதுவார் குபேர் கதை தெரியுமில்ல? 1951-ல பாரிசு நாடாளுமன்றத்துக்கே போய் உக்காந்தவர். பிரெஞ்சுக்காரனுக்கு இங்க அவரை வுட்டா ஆள் இல்ல. 1954 மார்ச்சுல பாத்தா மனுசன் இந்தியா பக்கம் நிக்கிறார். நெட்டப்பாக்கத்துல தனியா ஒரு தற்காலிக அரசாங்கமே நடத்தினார். அப்பால 1963-ல காங்கிரசு முதலமைச்சர். பெரிய மார்க்கெட்டு அவர் பேர்ல, பீச்சு ரோடு அவர் பேர்ல. நேரம் பாத்துத் தாவினவனுக்குக் கடற்கரைச் சாலை கெடைக்கும். நேரம் தப்பித் தாவினவன் போஸ்டர்ல சாணிதான் ஒட்டும். அவர் தாவினதுக்கு ஏழு மாசம் கழிச்சு, அக்டோபர் 18-ல, கீழூர்ல ஓட்டெடுப்பு நடந்துச்சு. மொத்தமே 178 பிரதிநிதிங்க. 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேர் வேணாம்னாங்க. அந்த எட்டுப் பேர் மட்டும் கட்சி மாறாத ஆளுங்க போல.

இப்ப உன் தேசத்துக்கு வா. உன் மக்ரோனும் தாவினவர் தான், இல்லேங்கல. சோசலிஸ்டு அதிபர் ஒல்லாந்துகிட்ட மந்திரியா இருந்தார். 2016 ஏப்ரல்ல தனிக் கட்சி ஆரம்பிச்சார், ஆகஸ்டுல மந்திரி பதவியை வுட்டார், 2017 மே மாசம் 39 வயசுல அதிபர். நம்ம ஊர்ல 39 வயசுக்கு இளைஞரணிச் செயலாளர் ஆனாலே பெரிய விஷயம். ஆனா அங்க தலைவர் தாவினதை வுட ஓட்டு போடறவன் தாவினது தான்டா அதிசயம். 2012-ல சோசலிஸ்டுக்கு மொதல் சுத்துல 28 சதவீதத்துக்கு மேல வந்துச்சு. 2017-ல அதே கட்சிக்கு 6.36. 2022-ல பாரிசு மேயரம்மா நின்னாங்க, 1.75. பத்தே வருசம். வானூர்ல சுயேச்சையா நின்னு பெண்டாட்டி சொந்தத்தை மட்டும் நம்பினாக்கூட அதுக்குக் கிட்ட வரலாம்.

எதிர்க்கட்சிக்காரன் சிரிச்சானா? அவனுக்கும் அதே கெதி. சர்க்கோசி ஆண்ட கட்சியோட வேட்பாளர் வலேரி பெக்ரெஸ், 4.78 சதவீதம். அங்க 5 சதவீதம் தாண்டினாத்தான் தேர்தல் செலவுல நல்ல பங்கை அரசாங்கம் திருப்பிக் குடுக்கும். கால் சதவீதம் கொறைஞ்சதுல அந்தம்மா பேர்லயே 50 லட்சம் யூரோ கடன், மறுநாளே சனத்துக்கிட்ட நன்கொடை கேட்டாங்க. நம்ம வானூர் தனித் தொகுதியில சட்டசபைக்கு நிக்க டெபாசிட்டு 5,000 ரூபா. போனா மாட்டை வித்துக் கட்டிடலாம். அங்க தோக்கறதுக்குப் பெரிய வசதி வேணும்போல.

நம்ம இரும்பை மாகாளேசுவரர் கோயில் லிங்கம் ஞாபகம் இருக்குதா? சின்ன வயசுல உன்னைத் தோள்ல தூக்கிக்கினு போய்க் காட்டியிருக்கேன். கடுவெளிச் சித்தர், ஆடிக்கினு இருந்த பொண்ணோட சலங்கை கழண்டு வுழவும் எடுத்துக் கட்டிவுட்டார். ஊரே கைகொட்டிச் சிரிச்சுது. அவர் கோவத்துல லிங்கம் மூணா வெடிச்சுது. செப்புத் தகடு போட்டுச் சேத்துக் கட்டியிருக்காங்க. மாகாளத்தார் என்னை மன்னிக்கணும், உன் பிரான்சு 2022-ல எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. ஏப்ரல் 10, மொதல் சுத்து: மக்ரோன் 27.85, வலதுசாரி லெப்பென் அம்மா 23.15, இடதுசாரி மெலான்ஷோன் 21.95. சரியா மூணு துண்டு. சுத்திக் கட்டின தகடா மக்ரோன். 2017-ல ரெண்டாம் சுத்துல 66.10 சதவீதம் வாங்கின தகடு, 2022-ல 58.55-க்குத் தேஞ்சு போச்சு.

சித்தருக்குக் கோவம் வந்தது எதுக்கு? சலங்கைக்கா? ஊர் சிரிச்சதுக்கு. ஓட்டு போடறவனும் வறுமையைப் பொறுத்துக்கினு போவான். தன்னைப் பாத்து எவனோ சிரிக்கிறான்னு தோணிட்டா மட்டும் பொறுக்க மாட்டான். தலைமொறை தலைமொறையா செவப்புச் சட்டை போட்ட தொழிலாளி சனம் லெப்பென் அம்மா பக்கம் போறதை ஆரோவில்லுல மேதாவிங்க புத்தகம் வெச்சு வெளக்குவாங்க. நான் எங்க ஊர்க் கோயில் கதையை வெச்சு வெளக்கறேன். ரெண்டுல எது மலிவு, பாத்துக்க.

சரி, உன் கட்சிக்கு வரேன். உனக்கும் கட்சி இருக்குது, திண்ணைக் கட்சி. 2022 ஏப்ரல் 24, ரெண்டாம் சுத்து. லெப்பென் அம்மா வாங்கினது 1 கோடியே 33 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ. ஓட்டுச்சாவடிக்கே போவாத ஆளுங்க 1 கோடியே 36 லட்சம். அதாவது ரெண்டாவது வந்தது லெப்பென் இல்ல, நீங்க. கொடி இல்ல, சின்னம் இல்ல, லாரியில ஆள் ஏத்தல, வெள்ளிப் பதக்கம் வாங்கிட்டீங்க. ஆனா பாரு, ரெண்டாவது வந்த அம்மா டிவியில பேசினாங்க. திண்ணைக் கட்சிக்காரனை ஒருத்தன் மைக்கு நீட்டிக் கேட்டானா? கேட்டாலும் இன்னா சொல்லியிருப்பான், மூணு பேர் மூணு காரணம் சொல்லுவான். ஒருத்தன் கோவம், ஒருத்தன் சோம்பல், ஒருத்தன் மாமியார் வூட்டு விருந்து. எல்லாம் சேத்து ஒரே கணக்குல எழுதிடுவாங்க.

கோவக்காரன்னா யாருன்னு சொல்லவா? 2017 ரெண்டாம் சுத்துல சுமார் 40 லட்சம் பேர் வூட்டுல இருந்து கெளம்பி, வரிசையில நின்னு, வெத்துச் சீட்டையோ கிழிச்ச சீட்டையோ போட்டுட்டு வந்தாங்க. அவன்தான்டா ஆம்பிளை, பொம்பளையும் தான். ரெண்டு பேரையும் புடிக்கலன்னு நேர்ல வந்து சொல்லிட்டுப் போனான். நாங்க 2013-ல இருந்து நோட்டாவுக்குப் பட்டன் வெச்சிருக்கோம். சாவடிக்குள்ள வந்து கோவிச்சிக்கறதுக்கு அங்கியும் வழி இருக்குது, இங்கியும் வழி இருக்குது.

'மாமா, உங்க ஊர்ல எம்பது சதவீதம் வர்றது கவருக்காக'ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு, தெரியுது. முழுங்காத, சொல்லு. கவரு உங்க பிரான்சுலயும் தான் தராங்க. நீல கவரு, சாவடியிலயே கையில குடுப்பாங்க. அது காலிக் கவரு, நீதான் உள்ள சீட்டு போடணும். அதான் கூட்டம் கொறைச்சல்.

கிண்டல் கெடக்கட்டும். 2024 ஜூலையில விக்கிரவாண்டி இடைத்தேர்தல். அண்ணா திமுக நிக்கவே இல்ல, புறக்கணிப்புன்னாங்க. கட்சி புறக்கணிச்சுது சரி, கட்சிக்காரன் வூட்டுல இருந்தானா? 82 சதவீதத்துக்கு மேல பதிவு. தலைவர் சொன்னாக்கூடத் திண்ணையில உக்கார மாட்டேங்கற சனம் எங்க சனம். சாவடிக்குப் போறதுல ஒரு குஷி இருக்குதுடா. நல்ல துணி கட்டிக்கினு, சண்டை போட்ட பங்காளியை வரிசையில முன்னால வுட்டு, மொறைச்சிக்கினு நிக்கிறது எல்லாம் அன்னிக்கு ஒரு நாள்தான். உங்க ஊர்ல விரல்ல மை கூட வெக்க மாட்டாங்களாம். ஓட்டு போட்டேன்னு சொன்னா எவன் நம்புவான்?

நேர்ல போவ முடியலன்னா உன் ஓட்டை இன்னொருத்தர் போட எழுதிக் குடுக்கலாமாமே, சட்டப்படி! ஆரோவில்காரர் ஒருத்தர் சொன்னார், நான் நம்பல. நம்ம பக்கம் அதுக்கு வேற பேரு, போலீசு வரும்.

'என் ஒரு ஓட்டால இன்னா ஆவப்போவுது'ன்னு கடைசி அஸ்திரம் வெச்சிருப்ப. அதுக்கும் பதில் உன் தேசத்துத் தேர்தல்லயே இருக்குது. பிரெஞ்சு இந்தியாவுல இருந்து பாரிசுக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவாங்க இல்ல, அந்தத் தேர்தல் வேலையா 1910-ல பால் ரிஷார்னு ஒருத்தர் பாண்டிச்சேரிக்கு வந்தார். அப்பத்தான் அரவிந்தரைப் பாத்தார். 1914-ல தானே வேட்பாளரா வந்தார், கூட அவர் சம்சாரம் மீராவும் வந்தாங்க. தேர்தல்ல அவர் படுதோல்வி. அந்த மீராதான் பின்னால அரவிந்தர் ஆசிரமத்து அன்னை. 1968 பிப்ரவரி 28-ல இதோ நம்ம செம்மண்ணு மேட்டுல ஆரோவில்லு தொடங்கினது அவங்கதான். ரிஷாரு அன்னிக்கு ஜெயிச்சிருந்தா ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டிக்கினு பாரிசுக்குக் கப்பல் ஏறியிருப்பாங்களோ இன்னாவோ. அவருக்குப் போடாத பாண்டிச்சேரிக்காரன் ஒவ்வொருத்தனும் தெரியாமலே இரும்பைக்குப் பக்கத்துல ஒரு ஊரைக் கட்டிட்டான். முந்திரித் தோப்பு வெச்சிருந்தவங்க நெலம் இன்னிக்கு இன்னா வெலைன்னு விசாரிச்சுப் பாரு, ஓட்டோட மகிமை புரியும்.

அதனால நான் சொல்றது கேளு. கட்சி மாறணுமா, மாறு. எத்தினி தடவை வேணும்னாலும் மாறு. போன தடவை மக்ரோனுக்குப் போட்டவன் இந்த தடவை அவர் ஆளுக்குப் போட மாட்டேன்னா, அவரே மறுபடி நிக்க முடியாது, தொடர்ந்து ரெண்டு தடவைக்கு மேல சட்டம் வுடாது. உனக்கு மானப் பிரச்சினையும் இல்ல. இங்கியே வந்து குடியிருந்தீன்னா பாண்டிச்சேரியில சாவடி உண்டு, காரைக்கால்ல உண்டு, மெட்ராசுல உண்டு. பேரை மட்டும் முன்னாடியே பதிவு பண்ணிக்க. வெளிநாட்டுல இருக்குற பிரெஞ்சு வாக்காளருங்க அதிபர் தேர்தலுக்குப் பாதிப் பேர் கூட வர்றதில்ல. கூட்டமே இருக்காது, வெயிலுக்கு முன்னாடி முடிச்சிக்கினு இரும்பைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடலாம். ஞாயித்துக்கெழமை தான் வெப்பாங்க, கறி எடுத்து வெக்கறேன். இதை லஞ்சம்னு எழுதிடாத, தாய்மாமன் சீரு.

யாருக்குப் போடணும்னு மட்டும் என்னைக் கேக்காத. நான் யாருக்குப் போடறேன்னு எங்க ஊர்லயே எவனுக்கும் தெரியாது. சூரியன்காரன் வந்து கையைப் புடிச்சிக் கேப்பான், 'உனக்குத்தான்பா'ம்பேன். இலைக்காரன் வருவான், 'உனக்குத்தான்பா.' மாம்பழம், தாமரை, பானை, எல்லாருக்கும் அதேதான். அத்தினி பேரும் சந்தோசமாத் திரும்பிப் போறாங்க. நாளைக்கு நீயே வந்து இங்க நின்னாலும் மருமவன்னு பாக்க மாட்டேன், உன்கிட்டயும் அதையேதான் சொல்லுவேன்.