குதிரை ஏறத் தெரியாதவர்களுக்கு

கேள்வி: வரலாற்றில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பார்த்து உத்வேகம் பெறு என்கிறார் என் அத்தை. யாரைப் பார்ப்பது? ஜான்சி ராணி வேண்டாம், எனக்குக் குதிரை ஏறத் தெரியாது.

பதில்: ஸ்கூட்டரே போதும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது, பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று சிலர் பதறினார்கள். (பையன்கள் கெட அதுவரை வேறு வழியே இல்லாதது போல!) மன்னர் அனுமதி கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் கல்யாணம்தான். என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பத்தில் குறுக்கிடக் கூடாது என்று நிபந்தனை போட்ட பிறகே டாக்டர் சுந்தர ரெட்டிக்குச் சம்மதம் சொன்னார். அது 1914. இன்றைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால் சம்பளம், சொந்த வீடு எல்லாம் கேட்கிறோம், இதைக் கேட்கிறோமா?

பிறகு சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே போராடினார். காந்தி கைதானதும் 1930-ல் பதவியை உதறினார். தேவதாசி முறைக்கு முழுத் தடைச் சட்டம் வர 1947 ஆயிற்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

ஆகவே அவசரமில்லை. அத்தைக்கு மட்டும் ஒன்று சொல்லி வையுங்கள்: உத்வேகம் வந்துவிட்டால் முதல் நிபந்தனை வீட்டில்தான் போடப்படும்.