குக்கி மேஜைக் கல்யாணம்

அமெரிக்கர்களிடம் எதை ‘ஏன்’ என்று கேட்டாலும் விளக்கம் கிடைக்கும். கல்யாணச் சடங்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் “காலங்காலமாக இப்படித்தான்” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் மாதிரி கை விரித்துவிடுவார்கள். அது எந்தக் காலம் என்று துருவிப் பார்த்தால், பாதிக்கு மேல் என் தாத்தாவுக்கு மீசை முளைத்த காலமாக இருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் பையனுக்கு ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற ஊரில் கல்யாணம். எஃகு ஆலைகளால் ஓஹோவென்று இருந்து, 1977இல் பெரிய ஆலையொன்று மூடப்பட்டதிலிருந்து இறங்குமுகமான ஊர். அழைப்பிதழ் உறையில் என் பெயரும் மனைவி பெயரும் இருந்தன. எங்களோடு தங்க வந்திருந்த அம்மாவின் பெயர் இல்லை. “அதனாலென்ன, நான் ஓரமா உக்காந்துக்கறேன்” என்றாள் அம்மா. அந்த ஓரத்துக்கும் எண் போட்டு, அட்டையில் ஒரு பெயர் எழுதி நிறுத்தியிருப்பார்கள் என்று சொல்லி அவளை நம்பவைக்க முடியவில்லை. “கல்யாணத்துக்கு வர்றவாளை எண்ணுவாளா? கண் பட்டுடாதோ?” கண் படுவது இருக்கட்டும். கோழியா, மீனா, காய்கறியா என்று டிக் அடித்துப் பல வாரம் முன்னாலேயே தபாலில் அனுப்ப வேண்டும்.

கல்யாணம் நடந்த இடம் மாட்டுக் கொட்டகை. மாடுகள் காலி செய்து பல வருஷமாகியிருக்கும்; உத்தரத்தில் சரவிளக்கு தொங்கியது. இப்போது அங்கே இதுதான் நாகரிகம். வாடகை எவ்வளவு என்று மாப்பிள்ளை சொன்னார். அந்தக் காசுக்கு மாடுகளையே வாங்கியிருக்கலாம்.

முதல் நாள் சாயங்காலமே ஒத்திகை முடிந்துவிட்டது. யார் எந்தக் காலை எடுத்து வைக்க வேண்டும் என்பது வரை பழகியாகிவிட்டதால், மறுநாள் ஒரு பிசிறு இல்லை. மணப்பெண் வெள்ளை உடையில் அப்பாவின் கையைப் பிடித்து வந்தாள். வெள்ளை உடையைப் பிரபலமாக்கியவர் விக்டோரியா ராணி, 1840இல். ராணியின் தாத்தாவோடு சண்டை போட்டுப் பிரிந்த தேசம், பேத்தியின் கல்யாணப் புடவையை மட்டும் விடவில்லை.

பெண் நடந்து வரும்போது வாசித்த இசை, வாக்னரின் ‘லோஹென்கிரின்’ ஓபராவிலிருந்து வந்தது. 1850இல் முதலில் மேடையேறியது. கதை தெரிந்தவர்கள் அதைத் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வாசிக்க விடுவார்களா என்பது சந்தேகம். கல்யாண ராத்திரி பெண் தன் புருஷனிடம் ‘உங்கள் பேர் என்ன?’ என்று கேட்டுவிடுகிறாள். கேட்கவே கூடாது என்று அவன் முன்பே சொல்லி வைத்திருந்த கேள்வி. அவ்வளவுதான், அவன் கிளம்பிப் போகிறான், அவள் விழுந்து சாகிறாள். புருஷன் பேரைச் சொல்லாமல் ‘அவுக’ என்றே காலம் தள்ளிய நம் பாட்டிமார் விவரமானவர்கள்.

வைர மோதிரத்துக்கும் புராணம் ஒன்றுமில்லை. டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனிக்காக 1947இல் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஃபிரான்சஸ் கெரெட்டி என்ற பெண்மணி எழுதிய நாலு வார்த்தை, அமெரிக்க மாப்பிள்ளைகளைக் கடனாளியாக்கியது. அந்த அம்மாள் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தொழில் ரகசியம் தெரிந்தவர்.

பரிசுப் பட்டியலைப் பற்றி மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 1924இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை ஆரம்பித்து வைத்தது. என்னென்ன வேண்டும் என்று பெண்ணும் மாப்பிள்ளையும் கடையில் எழுதி வைத்துவிட வேண்டும். ஒருவர் வாங்கியது இன்னொருவருக்குக் கிடைக்காது. எங்கள் கல்யாணத்தில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால், வீட்டுப் பரணில் சுவர்க்கடிகாரங்கள் இத்தனை விதமான நேரம் காட்டிக்கொண்டிருக்காது. நாங்கள் பட்டியலைத் திறந்தபோது மிஞ்சியிருந்தவை, விலையைப் பார்த்ததும் மூடிவிடத் தோன்றும் ஒரு மாவு பிசையும் மெஷினும், உருளைக்கிழங்கு மசிப்பதற்கு ஒரு மத்தும். மத்து கொடுத்தோம்.

சாப்பாட்டுக்கு நடுவில் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை மண்டியிட்டு, அவள் பாவாடைக்குள் தலையை விட்டு, தொடையில் மாட்டியிருந்த லேஸ் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்து வெளியே வந்தார். மாமனார் கைதட்டினார். பாதிரியார் சாலட்டில் தக்காளியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டையைக் கல்யாணமாகாத வாலிபர்கள் பக்கம் வீசியபோது, எல்லோரும் அது பாம்போ என்பதுபோல ஒதுங்கினார்கள். என் மனைவி தட்டைவிட்டுத் தலை நிமிரவே இல்லை. அம்மா வராததும் நல்லதாயிற்று.

இப்படி ஊர் தேதியோடு பிறந்த சடங்குகளுக்கு நடுவில், யார் தொடங்கியது என்று சொல்ல முடியாத ஒன்று சுவரோரமாக இருந்தது: குக்கி மேஜை. யங்ஸ்டவுன், பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் கேக் இல்லாமல்கூடக் கல்யாணம் நடக்கும், இது இல்லாமல் நடக்காது. இரண்டு ஊரும் ‘எங்களுடையது’ என்று இன்றும் சண்டை போடுகின்றன. எஃகு ஆலை வேலைக்கு வந்த இத்தாலியர், ஸ்லாவியர் வீட்டுப் பெண்கள் கொண்டுவந்தது என்பார்கள். பஞ்ச காலத்தில் கேக்குக்கு வழியில்லாமல் பிறந்தது என்றும் சொல்வார்கள். எதுவானாலும், அத்தைகளும் பெரியம்மாக்களும் வாரக்கணக்கில் சுட்டு ஃப்ரீசரில் அடுக்கியதெல்லாம் அன்று மேஜைக்கு வந்திருந்தது. பூ அச்சில் வார்த்த பிட்செல்லே, அச்சு அசலாக நம் அச்சு முறுக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. கடலை வெண்ணெய் உருண்டையைச் சாக்லேட்டில் முக்கிய பக்கை. கிரீம் அடைத்த லேடி லாக்ஸ். இதற்கு எண்ணிக்கை கிடையாது, அட்டை கிடையாது. வீட்டுக்கு எடுத்துப் போகப் பக்கத்திலேயே காகிதப் பெட்டிகள் வேறு. தாம்பூலப் பை பிடித்துப் பழகிய கை, சொல்லாமலே பெட்டிக்குப் போனது.

மனைவி இரண்டாவது பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் பாட்டி ஊன்றுகோலோடு பக்கத்தில் வந்தார். ஒவ்வொரு தட்டும் எந்த வீட்டுடையது, யாருக்குப் பதம் தெரியும், யார் வெண்ணெயில் கஞ்சத்தனம் செய்பவள் என்று விவரம் சொன்னார். பிறகு கோடியில் இருந்த தட்டைக் கோலால் சுட்டி, குரலைத் தாழ்த்தினார்: “அது கடையில் வாங்கியது.”

என் மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டிக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். “யாரு, மருமகளா?”