அட்டைப் பிரசங்கியார்

லிங்கநகரில் வருஷந்தோறும் ஆடி, ஆவணி மாதங்களில் தோன்றி, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை முடிந்ததும் மறைந்துபோகும் ஒரு ஜாதி மனிதர் உண்டு. பத்திருபது வருஷம் லண்டனில் குடியிருந்துவிட்டுப் பிறந்த மண்ணைப் பார்க்க வந்திருக்கும் அவரை அடையாளங்காண உடையையோ நடையையோ கவனிக்க வேண்டியதில்லை; பஸ்ஸில் ஏறியதும் எவருடைய வலக்கை தானாகவே எழுந்து, கதவோரத்துக் கம்பியைப் பக்தி சிரத்தையுடன் தடவி, தொடவேண்டிய மஞ்சள் வட்டத்தைக் காணாமல் திகைத்து நிற்கிறதோ, அவரே அவர்.

“தம்பி, அட்டை தட்டுற மெசின் எங்கை?”

“அட்டை கடலுக்குள்ளையெல்லோ கிடக்கும், ஐயா!”

கொண்டக்டர் பரிகாசம் செய்ததாக எண்ணிவிடக் கூடாது. சுழியோடிகள் முழுகிக் கடலட்டை எடுக்கும் கரையிலே பிறந்தவருக்கு அந்தச் சொல் முதலில் அந்த ஜீவனையே நினைவூட்டும். ஆனால் நம்மவருக்கோ பிரசங்கத்தைத் தொடங்க இவ்வளவு போதும். 2003-இல் லண்டனில் வந்த அட்டைக்குச் சிப்பி என்று பெயர், அதற்கு முன் 1997-இலேயே ஹொங்கொங்கில் வந்ததற்கு எட்டுக்கால் கணவாயின் பெயர், ஒன்றைத் தொட்டால் பஸ், ரயில், படகு எல்லாம் திறக்கும் என்று அவர் அடுக்கிக்கொண்டு போகும்போது, உலகத்துப் பட்டணங்களெல்லாம் கடற்பிராணிகளையே நாடியிருக்க, கடலட்டையைக் கையில் வைத்திருக்கும் துறைமுகத்தார் நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்ற வெட்கம் எனக்கே உண்டாயிற்று.

ஆயினும் அட்டையைத் தட்டுவது விரலின் வேலை. தட்டிய காசைப் பங்கிடுவதுதான் மூளையின் வேலை என்பதை அவர் ஒருநாளும் பிரஸ்தாபிப்பதில்லை. ஒரே உண்டியலில் விழுந்த பணத்தில் ரயிலுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க எல்லோரும் நம்பும் ஒரு மத்தியஸ்தர் வேண்டும். இங்கோ, 1958-இல் பஸ்களெல்லாம் அரசாங்கத்தின் கைக்கு வந்த காலம் போய், போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் தரிப்பிடத்தில் நிற்கும் ஒரேயொரு கிழவிக்காக ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்கின்றன. அந்தக் கிழவியின் காசை இருவரும் ஒரே பையில் போட்டுப் பிறகு பிரித்துக்கொள்வார்கள் என்பது, மாமியாரும் மருமகளும் ஒரே திறப்புக்கோர்வையை வைத்துக்கொள்வது போன்ற காரியம்.

சென்னையில்கூட 2023-இல் மெட்ரோ ரயிலுக்கு வந்த ‘சிங்காரச் சென்னை’ அட்டை, மாநகர பஸ் ஏற 2025 ஜனவரி ஆயிற்று. சிங்கப்பூரிலோ, மிச்சம் எவ்வளவு என்பதை வாயிலிலேயே காட்டாத புதிய முறைக்கு எல்லோரும் மாறவேண்டுமென்று 2024 ஜனவரியில் அறிவித்தபோது எழுந்த முணுமுணுப்பில், அதே மாதத்திலேயே அறிவிப்பு மீட்கப்பட்டு, பழைய முறையை நீடிக்க 4 கோடி சிங்கப்பூர் டொலர் செலவிட நேர்ந்தது. மிச்சக்காசைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை லிங்கநகருக்கு மட்டும் உரியதன்று. நம் இலங்கையிலும் 2025 நவம்பரில் மாக்கும்புறவில், வங்கி அட்டையால் பஸ் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. இதைச் சொன்னபோது பிரசங்கியாரின் முகம் சற்று வாடியது. குறை சொல்ல ஒன்று குறைந்துபோனால் யாருக்குத்தான் வாடாது?

இறங்கும் இடம் வந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு புதிய ஐயாயிரம் ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். கொண்டக்டர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுக்கு மாத்தக் காசில்லை, ஐயா. நாளைக்கு ஏறேக்கை தாங்கோ.”

அட்டையும் இல்லாமல், மெசினும் இல்லாமல், பெயர்கூடக் கேளாமல் கடன் கொடுக்கும் இந்த ஏற்பாடு லண்டனில் இருக்கிறதா என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார். மறுவாரம் விமானமும் ஏறிவிட்டார். அந்தக் கட்டணம் இன்னும் வந்து சேரவில்லை.